மஞ்சள் கருவைப் பற்றி ஒரு கேள்வி

பினாங்குத் தீவில், குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஓர் ஏர்கோன், அது சொட்டும் தண்ணீரைப் பிடிக்கக் கீழே ஒரு வாளி. வாளி நிறைந்தால் கொண்டுபோய் ஊற்றுவதும் என் வேலைதான். ஆனால் என்னை வேலைக்கு எடுத்தது என் தமிழுக்காக.

அதற்கு முன் பத்து வருடமாக, சுங்கை பினாங்கில் என் அடுக்குமாடி வீட்டிலிருந்தபடியே மருத்துவத் துண்டுப் பிரசுரங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவற்றை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை வீட்டுக்குக் கீழே கடலை விற்பவர் அதில்தான் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். வயிற்றுப்போக்கின் அறிகுறிகள் என்று நானே எழுதியிருந்ததைக் கடலை தின்றுகொண்டு வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

குழந்தை உணவு பற்றிய எங்கள் திட்டத்தை நடத்தியவர் என்னைவிட எட்டு வயது இளையவர். ஊட்டச்சத்து படித்தவர். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். செய்யவேண்டியதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். கடல் பாலத்தைத் தாண்டிச் செபராங் பிறைப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்குப் போகவேண்டும். அங்கே சிறு பிள்ளைகளுக்கு என்ன ஊட்டுகிறார்கள், எதை ஊட்டப் பயப்படுகிறார்கள், ஏன் பயப்படுகிறார்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். அதை வைத்துத் தமிழ் வானொலிக்கு அரை நிமிட விளம்பரங்கள் ஆறு தயாரிக்கவேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம்க்கா. பதில நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. அவங்களா சொல்லணும்."

"அது தெரியாதா மேடம்," என்றேன்.

நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தை ஒரு வாரம் உட்கார்ந்து தமிழாக்கினேன். 'இணை உணவு', 'உட்கொள்ளும் இடைவெளி' என்று ஒவ்வொன்றும் முத்து முத்தாக வந்திருந்தது. மேடம் அதை வாங்கிப் பார்த்தார். எழுத்துக்கூட்டி இரண்டு வரி படித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குக்கா," என்றார். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதைக்கூட என் தமிழுக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் போன தோட்டத்தில் ஒரே வரிசையாகப் பதினான்கு வீடுகள். காலையில் இருட்டு விலகுவதற்குள் பிறை ஊர்த் தொழிற்சாலைகளின் கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆண்கள் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் அதே பிறைக்கு. மிச்சமிருப்பது ஒரு கோயில், நாலைந்து நாய், நிறையப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஆறு பேரை முதல் வீட்டுப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். ஒன்று அவளுடையது, பத்து மாதம். மற்ற ஐந்தும் பக்கத்து வீடுகளுடையவை. முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, அடுப்பில் கஞ்சி என்று நின்றவள் என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களா மேடம்," என்று கேட்டுக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலாலேயே என் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க மேடம்?" முதல் கேள்வியை அவள் கேட்டுவிட்டாள்.

"இல்லமா."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பரவால்லங்க. என் நாத்தனாருக்குப் பன்னெண்டு வருசம் கழிச்சிப் பொறந்துச்சு."

"கல்யாணமே ஆகலமா."

"அப்ப அது வேற," என்று நிம்மதியாகக் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

நான் கேள்விகளைத் தொடங்கினேன். இணை உணவு எந்த மாதத்தில் ஆரம்பித்தீர்கள் என்றதற்கு, "எதுக்கு இணையா?" என்று கேட்டாள். விளக்கினேன். பதினேழாவது கேள்வியை நான் எழுதியிருந்தபடியே வாசித்தேன்: "விலக்கு பற்றிக் கூறுங்கள். எவற்றுக்கு விலக்கு, எத்தனை காலம்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அது இன்னும் ஆரம்பிக்கலைங்க. பிள்ள பால் குடிக்குதுல்ல," என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. வீட்டு விலக்கை அல்ல, சாப்பாட்டைக் கேட்கிறேன் என்று சொல்வதற்குள் இருவருக்குமே முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த தமிழில் கேட்டேன். ஆனால் பதில்கள் எல்லாம் கிளினிக் சுவரில் ஒட்டியிருப்பதைப் போலவே வந்தன. கீரை கொடுக்கிறோம், பருப்பு கொடுக்கிறோம், மீன் முள் எடுத்துக் கொடுக்கிறோம். எதற்கும் பயமில்லை, எதையும் ஒதுக்குவதில்லை. அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது காலடியில் ஒரு குழந்தை ஆரஞ்சு நிறத்தில் உப்பிய ஏதோ ஒரு நொறுக்கை இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். காலாலேயே அந்தப் பாக்கெட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். அவள் காலுக்குத் தெரியாத வேலையே இல்லை.

ஒரு மணி நேரம் ஆகியும் படிவத்தில் 'இல்லை', 'இல்லை' என்றே நிறைந்திருந்தது. வெறுங்கையோடு பாலம் கடந்து திரும்பிப் போவதா என்று தோன்றியது. அப்போதுதான் அதைச் செய்தேன்.

"சில பேரு சொல்லுவாங்கல்ல, முட்ட மஞ்சக்கரு குடுத்தா பிள்ளைக்குப் பேச்சு லேட்டா வரும்னு. அந்த மாதிரி எதாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

இதை நான் எங்கே கேட்டேன் என்று இன்றுவரை நினைவில்லை. எப்போதோ மொழிபெயர்த்த கட்டுரையில் இருந்திருக்கலாம். பஸ்ஸில் யாராவது பேசியிருக்கலாம். பேசவைக்க ஓர் உதாரணம், அவ்வளவுதான்.

"இல்லைங்களே," என்றாள் அவள். யோசித்து, "மஞ்சக்கருவா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள்.

நான் பதினெட்டாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனேன். இரண்டாவது வீட்டில் ஓர் இளம் தாய். பிள்ளைக்கு என்ன கொடுக்கமாட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். வேறு ஒரு வார்த்தை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"முட்ட மஞ்சக்கரு குடுக்க மாட்டோம் மேடம்."

பேனா நின்றுவிட்டது. "ஏம்மா?"

"பேச்சு வராதாம்."

மூன்றாவது வீட்டிலும் அதே. நாலாவது வீட்டில் கணவனும் மனைவியும் ஒன்றாகச் சொன்னார்கள். ஆறாவது வீட்டில், மஞ்சள் கரு நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று காரணமும் கிடைத்தது. எட்டாவது வீட்டில், வாத்து முட்டை என்றால் இன்னும் மோசம், பிள்ளை திக்கும். நான் எழுதிய வேகத்தில் கை வலித்தது. இத்தனை வருடம் யாரும் கண்டுபிடிக்காத ஒன்று இந்தப் பதினான்கு வீட்டுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது என்று நினைத்தேன். எங்கோ அரைகுறையாகக் கேட்டது இங்கே முழுசாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, முதல் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. பாவம், பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள், ஊர்ப்பேச்சுக்கு நேரமிருக்காது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எத்தன வீடுக்கா?"

"போனது பதினொண்ணு. மொத வீட்டத் தவிர எல்லாம்."

"நீங்க எதும் எடுத்துக் குடுக்கலல்ல?"

"ஒரு வார்த்த எடுத்துக் குடுக்கல மேடம்." ஞாயிற்றுக்கிழமையைப் பொறுத்தவரை அது உண்மை.

அவர் அன்றே கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். மறுநாளே பதில் வந்தது. மிக அருமையான கண்டுபிடிப்பு, முதல் விளம்பரம் இதைப் பற்றியே இருக்கட்டும், மற்ற மாநிலங்களிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று. நான் விளம்பரத்தை எழுதினேன். அதில் ஒரு தாய், "டாக்டர், மஞ்சள் கரு உண்டால் குழந்தையின் பேச்சு தாமதமாகுமாமே?" என்று கவலையோடு கேட்பார். டாக்டர் கனிவாகச் சிரித்து மறுப்பார். டாக்டர் குரலுக்கு ஒரு நாடக நடிகரைப் பிடித்தோம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு.

மிச்சமிருந்த மூன்று வீடுகளை முடித்துவிடலாம் என்று ஒலிப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை போனேன். இரண்டு வீடு பூட்டியிருந்தது. கடைசி வீட்டு வாசலில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பிறையில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர், இரவு சிப்டு. மனைவிக்குப் பகல் வேலை. ஆகவே காலையில் மூன்று மணி நேரம் தூங்கும்போது மட்டும் மகளை முதல் வீட்டில் விடுவார், மற்ற நேரமெல்லாம் அவர்தான். மகளுக்கு இரண்டரை வயது. நான் வந்ததிலிருந்து அவள் வாய் மூடவில்லை. என் செருப்பு ஏன் அப்படி இருக்கிறது, கண்ணாடியைக் கழற்றினால் எனக்குக் கண் இருக்குமா, அந்த நாய் யாரைப் பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளைக்கு என்னெல்லாம் குடுக்க மாட்டீங்க அண்ணே?" என்றேன்.

"நான் எல்லாம் குடுப்பேன். மத்தவங்க இப்ப மஞ்சக்கரு நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தல."

"இப்பவா?"

"ஆமா, ரெண்டு வாரமா. பினாங்குலேருந்து ஒரு டாக்டரம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்களாம்."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு முன்னால் இன்னொருத்தி வந்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று. "எந்த டாக்டரம்மா? எப்படி இருந்தாங்களாம்?"

"நான் பாக்கல. கண்ணாடி போட்டிருப்பாங்களாம். கட்டையா இருப்பாங்களாம். பச்சக் காடில..."

அங்கே நிறுத்திவிட்டார். வேலியோரம் நின்ற என் வெளிர்பச்சைக் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை காரைப் பார்த்தார்.

"ஆனா அவங்க டாக்டரம்மா. நீங்க டாக்டரா?"

"இல்லண்ணே."

"அப்ப வேற ஆளு போல," என்றார். நல்ல மனிதர். ஆனால் போனை எடுத்துத் தேடினார். பிள்ளைகளை விடுகிற பெற்றோர்களோடு அந்த வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் முதல் வீட்டுப் பெண்ணின் குரல் ஓடியது. பின்னால் கஞ்சி கொதிக்கும் சத்தமும் ஒரு குழந்தையின் அழுகையும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னிக்கி பினாங்குலேருந்து டாக்டரம்மா வந்திருந்தாங்க. மஞ்சக்கரு குடுத்தா பேச்சு லேட்டாகுமாம். நமக்குத் தெரியுமான்னு கேட்டாங்க, நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன், எனக்கே அசிங்கமாப் போச்சு. நாளையிலேருந்து யாருக்கும் மஞ்சக்கரு கெடையாதுலா. வெள்ளக்கரு மட்டும் குடுத்துர்றேன்."

குரல் முடிந்தது. சிறுமி, "அத்தை குரல்," என்றாள். நான் அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாலைவனத்தில் தண்ணீர் கண்டுபிடித்ததாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அது என் குடத்திலிருந்து ஒழுகியது என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"டீ போடவா மேடம்?" என்றார் அவர்.

அன்று பாலத்தைக் கடந்து திரும்பும்போது, மேடத்திடம் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று பாதிப் பாலம்வரை யோசித்தேன். விளம்பரத்தில் நாம் மறுக்கத்தானே போகிறோம், அதில் என்ன கெடுதல் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். பிறகு இன்னொன்று தோன்றியது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒருத்தியிடம், கேள்வியாகக் கேட்டதற்கே இந்த விளைவு. இதே கேள்வியை ஒரு நாடக நடிகரின் குரலோடு நாடு முழுக்க ஒலிபரப்பினால், சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாதி கேட்கிறவர்கள் எந்தப் பாதியைக் கேட்பார்கள்?

மேடம் அப்போதுதான் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வாங்கிய உளுந்து வடையைப் பிரித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வடையை மெதுவாக முழுதும் சாப்பிட்டு முடித்தார். கையைத் துடைத்தார்.

"அந்த பச்சக் காடி நீங்கதானா."

"நான்தான் மேடம்."

"அப்ப பத்து வீட்டுல பிள்ளைங்களுக்கு முட்டைய நிறுத்தினது நம்ம திட்டம்தான்."

"மஞ்சக்கரு மட்டும்தான் மேடம்."

மேடம் எழுந்து போய் வாளியைப் பார்த்தார். அது நிறைந்திருந்தது. அவரே தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தார். அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. பிறகு கோலாலம்பூருக்குப் போன் செய்தார். பத்து நிமிடம், "ஆமாங்க", "இல்லைங்க", "ஒரே ஆளுதாங்க" என்று பேசினார். நாடக நடிகருக்கும் போன் போனது. அவர் கனிவான சிரிப்பை மூன்று நாள் பயிற்சி செய்துவிட்டதாக வருத்தப்பட்டாராம்.

"போய்ச் சரி பண்ணிட்டு வாங்கக்கா," என்றார் மேடம். "நானும் வரேன்."

சனிக்கிழமை இருவரும் போனோம். நான் நேராக முதல் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவள் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நீங்கதானே கேட்டீங்க."

"கேட்டேன்மா. கேள்வியாத்தான் கேட்டேன்."

"இங்க பாருங்க மேடம். ஒருத்தங்க பினாங்குலேருந்து அவ்ளோ தூரம் காடி ஓட்டிக்கிட்டு, பேப்பரும் பேனாவுமா வந்து உக்காந்து கேக்குறாங்கன்னா, ஒண்ணும் இல்லாமலா கேப்பாங்க? ஊர்ப்பிள்ளைங்க அஞ்சு பேரு என் கையில இருக்கு. ஒண்ணுக்குப் பேச்சு வரலன்னா என்னத்தானே கேப்பாங்க."

 மேடம் முன்னால் வந்து, தான்தான் ஊட்டச்சத்து படித்தவர், மஞ்சள் கரு நல்லது, பயமில்லாமல் கொடுக்கலாம் என்றார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க. ஆனா போன தடவ ஒண்ணு சொன்னீங்க, இந்தத் தடவ ஒண்ணு சொல்றீங்க. அடுத்த தடவ வேற ஆளு வருவாங்க. நான் வெள்ளக்கருவே குடுத்துர்றேன், அதுல யாருக்கும் சண்ட இல்ல."

அப்போது போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பேச்சை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார். "தங்கச்சி, நான் ஒரு நாளும் நிறுத்தலயே. என் பிள்ளைக்குப் பேச்சுல என்ன கொற?" என்றார். சிறுமி அந்த நேரம் மேடத்திடம், உன் பையில் என்ன இருக்கிறது, ஏன் மூடி வைத்திருக்கிறாய், யார் எடுத்துவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வீட்டுப் பெண் அவளைப் பார்த்தாள். அந்த வரிசையில் அந்தப் பிள்ளையின் வாயைப் பற்றித் தெரியாதவர் யாருமில்லை.

போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அந்த வீட்டு அடுப்பிலேயே ஒரு முட்டையை அவித்தார். அதற்குள் இன்னொரு விஷயம் தெரியவந்தது. அடுப்படியில் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, முதல் வீட்டுப் பெண் தானாகவே சொன்னாள். உண்மையில் மஞ்சள் கரு நின்றதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிதான். ஆறு பிள்ளைகள். மஞ்சள் கரு காய்ந்துபோய்த் தொண்டையில் அடைக்கும், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்கவேண்டும். காலையில் பஸ் போனதும் ஒரு பானை கஞ்சி வைப்பாள். மதியம் அதிலேயே தண்ணீர் ஊற்றுவாள். சாயந்திரம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். கிளினிக்கில் எடை பார்க்கிற அன்று காலையில் மட்டும் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து அனுப்புவாள், நர்ஸ் திட்டக்கூடாது என்று. நாற்பத்திரண்டு கேள்விக்குள் அகப்படாத பதில்கள் எல்லாம், நான் முட்டை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தில் வந்தன. எழுதிக்கொள்ள என்னிடம் பேனாகூட இல்லை. மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால், பேசாதீர்கள் என்றார்.

"அடைக்காம குடுக்கலாம் தங்கச்சி," என்றார் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சூடான பருப்புத் தண்ணீர் இரண்டு கரண்டி ஊற்றி மஞ்சள் கருவை மசித்தார், கூழாக வந்தது. அதைச் சோற்றில் பிசைந்தார். "இது போர்க்லிஃப்ட் ஓட்டற மாதிரிதான். அவசரப்பட்டா எல்லாம் கொட்டிரும்." மகள் தின்றுகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே தின்றாள். முதல் வீட்டுப் பெண் போனை எடுத்து அதை அப்படியே பதிவு செய்தாள். "இந்தப் பிள்ள தெனம் மஞ்சக்கரு சாப்புடுது, கேட்டுக்குங்க," என்று குரூப்பில் போட்டாள்.

நாங்கள் பாலத்தைக் கடப்பதற்குள் தடை நீங்கிவிட்டது.

அடுத்த வாரம் நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தனியாகப் போனேன். எட்டாவது வீட்டில், வாத்து முட்டை சாப்பிட்டால் திக்கும் என்று சொன்ன அதே தாய், தன் பதினோரு மாதக் குழந்தையை மடியில் வைத்து மூன்றாவது மஞ்சள் கருவை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணாம்மா?"

"மஞ்சக்கரு குடுத்தா பேச்சு சீக்கிரம் வரும்னு நீங்கதானே மேடம் காட்டினீங்க."

நான் மறுபடி படியில் உட்கார்ந்தேன். அந்த வரிசையில் எனக்கு உட்கார்ந்து பழகாத படியே இல்லாமல் போயிற்று. ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று வீடு வீடாகச் சொன்னேன். இந்தத் தடவை கேள்வியாக எதையும் கேட்கவில்லை. பிள்ளைக்கு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று அந்தத் தாய் சொன்னதால், நான் சொன்னதை அவள் மட்டும் உடனே நம்பினாள்.

விளம்பரத்தை போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரையும் மகளையும் வைத்தே பதிவு செய்வது என்று மேடம் முடிவு செய்தார். மறுப்பு, எச்சரிக்கை, டாக்டர் எதுவும் வேண்டாம், அவர் மஞ்சள் கருவை மசிப்பதை மட்டும் சொல்லட்டும் என்றார். ஜார்ஜ் டவுனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இருவரும் வந்தார்கள். அவர் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். மகளுக்குப் பூப்போட்ட கவுன். மைக்கைக் கண்டதும் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அவர், "நான் வந்து... அதாவது... முட்டையானது..." என்று ஆரம்பித்தார். நான் துண்டுப் பிரசுரத்தில் எழுதுகிற தமிழ் அவர் வாயில் அப்படியே வந்தது. மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. மிட்டாய் காட்டினோம், பொம்மை காட்டினோம். ஒலிப்பதிவாளர் நாய் மாதிரி குரைத்துக் காட்டினார். அவள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"நேத்து மஞ்சக்கரு குடுத்தீங்களா அண்ணே," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மேடம் கேட்டார். மேடம் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் என்னைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார் என்பது தெரிந்தது.

கடைசியில் அவர்கள் வீட்டு அடுப்படியிலேயே, ஒரு சின்னப் பதிவுக் கருவியை அரிசி டின்மேல் வைத்துப் பதிவு செய்தோம். அரை நிமிடத்தில் கரண்டிச் சத்தம், கோழிச் சத்தம், "சூடு ஆறட்டும்டி," என்று அவர் சொல்வது, "ஆறிடுச்சு," என்று அவள் பொய் சொல்வது எல்லாம் இருந்தன. நான் எழுதியது அதில் ஒரே ஒரு வாக்கியம். அதையும் அவர் மாற்றிச் சொல்லியிருந்தார். அவர் சொன்னது நன்றாக இருந்தது.

கஞ்சியைப் பற்றியும் கிளினிக் தண்ணீரைப் பற்றியும் மேடம் தனி அறிக்கை எழுதினார். பிள்ளை பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு என்று அடுத்த விளம்பரங்களை மாற்றினோம். முதல் வீட்டுப் பெண்ணிடம் முன்கூட்டியே படித்துக் காட்டினோம். "இது யாருக்கும் புரியாது மேடம்," என்று அவள் அடித்தவை பாதி. மிச்சப் பாதியைத்தான் ஒலிபரப்பினோம்.

முட்டை விளம்பரத்தை நான் முதலில் வானொலியில் கேட்டது லிட்டில் இந்தியா ஓரத்தில் சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில். மதியக் கூட்டம். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி, அறுபது வயதுக்காரர், கையிலிருந்த சில்லறையை எண்ணாமல் நிறுத்திக் கேட்டார். விளம்பரம் முடிந்து பாட்டு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காசு கொடுக்கப் போனபோது, "இது நாங்க பண்ணதுதாங்க," என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா தங்கச்சி. நல்லாருக்கு. அந்தப் பிள்ள குரல் நல்லாருக்கு." கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்டுல சின்னவன் முட்டையத் தொடவே மாட்டேங்கிறான். காடை முட்டன்னா சின்னதா இருக்கே, அது குடுக்கலாமா? ரெண்டு குடுக்கணுமா, மூணா?"

பின்னால் நின்ற இரண்டு பேர் தட்டோடு என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அலுவலகத்துக்கு நடந்து போய் மேடத்திடம் கேட்டேன். அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டினார், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு வெயிலில் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி தாளை வாங்கிப் படித்துவிட்டு, எனக்கு ஒரு ஐஸ் டீ போடச் சொன்னார்.